பல்லக்கா பாதை விலகிய ஏழு இடங்கள்

காலை ஒன்பதேகால் மணிக்கு மருந்துக்கடை வாசலில் ஒரு சைக்கிள் மணி மூன்று தரம் அடிக்கும். கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். "பல்லு போகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாத்திரைப் பட்டையைக் கத்தரிப்பதைத் தொடர்வார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த சைக்கிளின் பின்னால் கட்டியிருக்கும் நீலப் பெட்டிக்குள் எப்படிப் பார்த்தாலும் இருபது பேருடைய பல் இருக்கும். மேல் வரிசை, கீழ் வரிசை, ஒற்றைப் பல், இன்னும் மெழுகிலேயே நிற்கிற பல். ஓட்டிக்கொண்டு போகிற அம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. கிளினிக் வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய பெரிய டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் பல்லக்காதான்.

பல்செட் எப்படி உருவாகிறது என்று பல்செட் போட்டவர்களுக்கே தெரியாது. பல் டாக்டர் நம் வாயில் களிம்பை அப்பி அச்சு எடுக்கிறாரே, அந்த அச்சு டென்டல் லேபுக்குப் போகும். அங்கே அதில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகை வளைத்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நடுவார்கள். நட்டதை டாக்டரிடம் அனுப்பினால் அவர் நோயாளியின் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கடி சரியில்லை, முன்பல் தூக்கலாக இருக்கிறது என்று ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒரு பல்செட் ஒருவர் வாயில் நிரந்தரமாகக் குடியேறுவதற்குள் நாலைந்து தரம் ஊரைச் சுற்றி வந்துவிடும். சுற்றிக் காட்டுகிறவர் பல்லக்கா.

இதில் ரொம்பவும் கோழை இந்த மெழுகுப் பல்செட்தான். சக்கரம் ஒரு பள்ளத்தில் நன்றாக இறங்கி ஏறினால் போதும், முன்பல் கழன்று பெட்டிக்குள் உருண்டுவிடும். எடுத்துத் திரும்ப ஒட்டலாம். ஆனால் ஒரு முடி அளவு தள்ளி ஒட்டினால் கடி மாறிப்போகும். அப்புறம் அந்த நோயாளி இன்னொரு வாரம் கஞ்சிதான். அதனால் பல்லக்கா சாலையைப் பார்த்து ஓட்டுகிற மாதிரி நம்மில் யாரும் பார்த்து ஓட்டமாட்டோம். எந்த இடத்தில் தார் சுருங்கியிருக்கிறது, எந்த மூடி ஆடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினாலு வருடம் அதே லேபில் பாலிஷ் அறையில் இருந்தார். ஜன்னல் இல்லாத அறை. சுழலும் தூரிகையில் பல்செட்டை வைத்து மினுக்கவேண்டும். காது அடைக்கும் இரைச்சல், இமை முடி வரைக்கும் வெள்ளைத் தூசி. சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் தன் முகம் தன் அம்மாவின் முகம் மாதிரி தெரியும் என்பார். இருமல் நிற்காமல் போனபோது டாக்டர் தூசியை விட்டு வெளியே வரச் சொன்னார். அப்போதுதான் முதலாளி அவரை வெளிவேலைக்கு மாற்றினார். முதலில் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய்வந்தார். பிறகு நாற்பத்தோரு வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொடுத்தவர் கணவர். நகரப் பேருந்து ஓட்டுநர், ஆளும் பேருந்து மாதிரிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பணிமனையில், வரிசையாக நின்ற பஸ்களுக்கு நடுவில், மனைவியின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு தொப்பை குலுங்க ஓடினார். ஐந்தாவது ஞாயிறு கையை விட்டுவிட்டார். பல்லக்கா பணிமனையைச் சுற்றினார், மறுபடி சுற்றினார், பதினோரு சுற்று சுற்றினார். எல்லோரும் கைதட்டினார்கள். நிறுத்தத் தெரியாமல்தான் சுற்றுகிறார் என்பது பன்னிரண்டாவது சுற்றில் அவரே கத்திச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்த மகிழ்ச்சி இன்னும் இறங்கவில்லை. நாற்பத்தோரு வயது வரைக்கும் யாரோ ஓட்டுகிற வண்டியில்தான் உட்கார்ந்திருந்தேன், இப்போது நான் மிதித்தால் போகிறது, நான் நினைத்தால் நிற்கிறது என்று அவர் அடிக்கடி நினைத்துக்கொள்வார். வீட்டில் அம்மா, லேபில் ஆள், கிளினிக்கில் "வந்தாச்சா" என்று கேட்கப்படுகிறவர். சைக்கிள்மேல் மட்டும் அவர் அவராக இருந்தார். இருமல் போன இடம் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நகராட்சி பெரிய சாலையின் ஓரமாகப் பச்சைச் சாயம் பூசி, வெள்ளையில் சைக்கிள் படம் வரைந்து, இது சைக்கிள் பாதை என்று அறிவித்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் பல்லக்காதான். சாயம் காய்வதற்குள் போய் நின்று பார்த்தார். "நமக்குன்னு ஒரு ரோடு போட்டிருக்காங்க" என்று வீட்டில் சொன்னார். கணவர், "உங்களுக்குப் போட்டது எங்க ரோட்டுலேருந்து வெட்டி எடுத்ததுதான்" என்றார். பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் ஊரில் நடந்த சண்டை அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையிலும் நடந்தது. தினமும் யாராவது ஒருவர் ஜெயித்தார்கள்.

பாதையோடு சட்டமும் வந்தது. பாதை இருக்கும் சாலையில் சைக்கிள் அதற்குள்தான் போகவேண்டும். மீறினால் அபராதச் சீட்டு. பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்களுக்கு நகராட்சி ஒரு அட்டை தரும். வருடத்தில் மூன்று சீட்டு வாங்கினால் அட்டை ரத்து. பல்லக்கா அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தார். இரண்டு தடவையும் நீதிமன்ற வரிசையில் நின்றால் பல் தாமதமாகும் என்று பேசாமல் கட்டிவிட்டு வந்துவிட்டார். நியாயம் கேட்க நேரமில்லாதவர்கள்தான் உலகத்தில் அதிகம் அபராதம் கட்டுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது சீட்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. வங்கியைத் தாண்டிய வளைவில் ஒரு போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார். ஒல்லி, முப்பது வயதிருக்கும், இஸ்திரி கலையாத சட்டை. அவர் கண்ணெதிரே பல்லக்கா கையை நீட்டிச் சைகை காட்டி, பச்சைப் பாதையை விட்டு வெளியே வந்து, பத்து அடி போய், திரும்ப உள்ளே நுழைந்தார். காவலர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அங்கே சாக்கடைக்குக் கம்பி மூடி ஒன்று இருந்தது. கம்பிகளைக் குறுக்கே வைத்திருந்தால் சக்கரம் மேலே போய்விடும். வைத்த புண்ணியவான் சாலையின் நீளவாக்கில் வைத்திருந்தான். ஒவ்வொரு இடைவெளியும் சைக்கிள் டயரை அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். சக்கரம் இறங்கினால் சைக்கிள் நிற்கும், ஓட்டுகிறவர் போய்க்கொண்டே இருப்பார். பல்லக்கா இதைச் சொன்னார். காவலர் திரும்பிப் பார்த்தார். வளைவிலிருந்து பார்க்க மூடி தெரியவில்லை. பச்சைப் பாதை மட்டும் சுத்தமாகக் கிடந்தது.

"பாதை காலியாத்தான் இருந்துச்சுங்க அக்கா. நான் பாத்ததைத்தான் எழுத முடியும்" என்றார் காவலர். எழுதினார். எழுதி முடித்துக் கிழிக்கப்போனவர் நிறுத்தி, "வெளிய வரும்போது கை காட்டினீங்க, இல்ல?" என்று கேட்டு, அதையும் கீழே ஒரு வரி எழுதிச் சேர்த்தார். தண்டனை தருகிறவர் நல்ல வார்த்தையும் சேர்த்து எழுதுவதைப் பல்லக்கா அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலாளி சீட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அன்பாகப் பேசினார்.

"அட்டை போனா போகட்டும்மா. வெளிவேலைக்கு மோட்டார் பைக் ஆள் ஒருத்தரைப் பாத்துக்கலாம். உன்னை நான் அனுப்பிடுவேனா? பாலிஷ் ரூம்ல உன் இடம் அப்படியேதான் இருக்கு."

அந்த இடம் அப்படியே இருக்கிறது என்பதுதான் பல்லக்காவுக்குப் பயம். கதவைத் திறந்து ஒரு தடவை பார்த்தார். அதே நாற்காலி, அதே தூரிகை, அதே வெள்ளைத் தூசி. மூடிவிட்டு வந்து அச்சு பார்க்கும் மேசையில் உட்கார்ந்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குப் பதிலாகச் சீட்டின் பின்பக்கத்தைப் படிக்கலாம் என்று தோன்றியது, ஏனென்று அவருக்கே தெரியாது. எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. பல்லின் விளிம்பைப் பார்க்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு படித்தார்.

பாதை இருக்கும் சாலையில் அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று முதல் வாக்கியம் சொன்னது. இது ஊருக்கே தெரியும். இரண்டாவது வாக்கியத்தை ஊரில் யாரும் படித்ததில்லை. முந்துவதற்கும், திரும்புவதற்கும், பாதையில் தடையோ ஆபத்தோ இருக்கும்போது விலகுவதற்கும், உரிய சைகை காட்டி சைக்கிள் வெளியே வரலாம் என்று அது சொன்னது. பல்லக்கா கண்ணாடியோடு நிமிர்ந்தார். வாயெல்லாம் பல். பக்கத்து மேசையில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தவர் பயந்துபோனார்.

வீட்டில் கணவர் அந்த வாக்கியத்தை இரண்டு தரம் படித்தார். பஸ்காரராக அவருக்குப் பிடிக்கவில்லை, கணவராகப் பிடித்தது. முப்பது வருட சாலை அனுபவத்தில் அவர் ஒரே ஒரு ஆலோசனை சொன்னார்: கேட்டதற்கு மட்டும் பதில், அந்தக் கம்பி மூடியைப் பற்றி மட்டும் பேச்சு, மற்றதெல்லாம் மூச்சு விடக்கூடாது. பல்லக்கா சரி என்றார். மனதாரத்தான் சொன்னார்.

போக்குவரத்து நீதிமன்றம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடியில் ஒரு நீள அறை, சத்தம் போடும் மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலிகள், சிவப்பு விளக்கைத் தாண்டியவர்களின் கூட்டம். நீதிபதி அம்மாள் மூக்கின் நுனியில் கண்ணாடி வைத்திருந்தார். நகரத்தின் தரப்பில் பேச ஒரு வழக்கறிஞர் இருந்தார். பல்லக்கா பின்பக்கத்து வாக்கியத்தைச் சொன்னார், கம்பி மூடியைச் சொன்னார், காவலரே கை காட்டியதை எழுதியிருக்கிறார் என்பதையும் சொன்னார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பின்வரிசையில் கணவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது நீதிபதி அம்மாள் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு நீங்க பாதையை விட்டு வெளிய வந்தது அந்த ஒரு இடத்துல மட்டும்தானா?"

இங்கேதான் லேப் வழக்கம் குறுக்கே வந்தது. லேபிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு பல்செட்டோடும் ஒரு துண்டுச் சீட்டு போகும். அதில் என்னென்ன குறை தெரிகிறதோ எல்லாவற்றையும் எழுதவேண்டும். கடைவாய்ப் பல்லில் சிறு கீறல், இடது பக்கம் கால் மில்லிமீட்டர் உயரம், எதையும் மறைக்கக்கூடாது. மறைத்தால் அது யாரோ ஒருவரின் ஈறில் போய்க் குத்தும். இருபது வருடமாக அந்தச் சீட்டைப் பார்த்தும் எழுதியும் வாழ்ந்தவரிடம் போய், இது ஒன்றுதானா குறை என்று கேட்டால் அவர் என்ன செய்வார்?

"இல்லைங்கம்மா, ஏழு இடம்" என்றார் பல்லக்கா.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சென்றது.

பல்லக்கா விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார். அடுக்குமாடி வாசலில் குப்பைத் தொட்டிகளைப் பாதையில்தான் வைப்பார்கள், அது ஒன்று. கம்பி மூடி இரண்டு. அதைத் தாண்டி ஒரு மரம், வேர் தாரைத் தூக்கிவிட்டிருக்கிறது, உயரம் நாலு விரல், முன்சக்கரம் ஏறினால் பின்சக்கரம் குதிக்கும். பேக்கரி முன்னால் எப்போதும் ஏதாவது ஒரு வேன். ஹார்ட்வேர் கடைக்காரர் ஏணிகளைப் பாதை ஓரமாகச் சாய்த்து வைப்பார், நல்ல மனிதர்தான், சொன்னால் எடுப்பார், மறுநாள் வைப்பார். அப்புறம் பஸ் நிறுத்தம். பஸ் பாதைக்குள் பாதி வந்துதான் நிற்கும்.

"அதுல தினமும் ஒன்பது இருபதுக்கு வர்ற பஸ்ஸை ஓட்டுறது என் வீட்டுக்காரர்தாங்க. அதோ பின்னால உக்காந்திருக்கார்."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேருந்து அளவு மனிதருக்கு ஒளிய இடமில்லை. தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏழாவது, பள்ளிக்கூடச் சுவர் பக்கத்துல. பாதைக்கு நட்ட நடுவுல விளக்குக் கம்பம் நிக்குது. பச்சைப் பெயின்ட்டைக் கம்பத்தைச் சுத்தி அழகா அடிச்சிருக்காங்க. அதுக்குள்ள புகுந்து போக எனக்குத் தெரியலைங்க."

அறை சிரித்தது. வழக்கறிஞர் சிரிக்கவில்லை, ஆனால் அவருக்குத்தான் அதிக சந்தோஷம். ஒரு மீறலுக்கு வழக்குப் போட்டோம், ஏழு மீறலுக்கு அவரே ஒப்புதல் கொடுத்துவிட்டார், பாதையில் போகிற பழக்கமே இவருக்கு இல்லை என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்டார். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு, இந்தம்மாவுக்குப் பாதை பிடிக்கலை. இல்ல, அந்தப் பாதையில சைக்கிள் போக முடியலை. எதுன்னு இந்த நாற்காலியில உக்காந்துட்டு எனக்குத் தெரியப்போறதில்லை."

உத்தரவு எழுதினார். சீட்டு எழுதிய காவலரே சனிக்கிழமை காலை அதே நேரத்துக்கு, அதே மாதிரி பெட்டியோடு, அதே பாதையில் சைக்கிள் ஓட்டவேண்டும். தானாக எத்தனை இடத்தில் பாதையை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது என்று அடுத்த வாரம் வந்து சொல்லவேண்டும். அந்த அம்மாள் வேண்டுமானால் பின்னால் வரலாம், பேசக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு நின்றுபோனது. அந்த வீட்டில் அது அபூர்வம். கணவர் இரண்டு நாள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துத் தூங்கினார். பணிமனையில் எல்லோரும் அவரை "ஆறாவது இடம்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாம் நாள் பல்லக்காவே ஆரம்பித்தார். உங்களை அவமானப்படுத்தணும்னு சொல்லலை, கேட்டாங்க, வாய்ல வந்துடுச்சு என்றார். கணவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நிறுத்தத்துல கோடு அங்கதான் போட்டிருக்கான். நான் வேற எங்க நிறுத்த முடியும்? தினமும் அங்க நிறுத்துறப்ப ஓரக் கண்ணாடியில உன் நீலப் பெட்டியைத் தேடுவேன். நீ சுத்தி முன்னால வந்து, பெட்டி கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் எனக்குக் காலு கீழ நிக்காது. ஆறு வருஷமா இதேதான். இதை எப்படி வீட்டுல வந்து சொல்றது?"

பல்லக்கா ஆறு வருடமாக அந்த பஸ்ஸைச் சுற்றிப் போகும்போதெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டுதான் போயிருந்தார். இனிமேல் முன்னால் வந்ததும் மணி அடிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். அடித்தால் போதும் என்றார் அவர்.

சனிக்கிழமை காலை காவலர் தன் அக்கா மகளிடம் இரவல் வாங்கிய சைக்கிளோடு வந்தார். பூக்கூடை வைத்த ஊதா சைக்கிள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளே ஓட்டியதில்லை என்று அவரே சொன்னார். முழங்கால் கைப்பிடியில் இடித்தது. முதலாளி தன் கையால் ஒரு மெழுகுப் பல்செட் செய்து, பதினாலு பல் நட்டு, பஞ்சில் பொதிந்து, பெட்டியில் வைத்துக் கட்டினார். யாருடைய வாய்க்கும் போகாத பல், பரீட்சைக்கென்றே பிறந்தது. பல்லக்கா பத்தடி பின்னால் தன் சைக்கிளில் கிளம்பினார். பேசக்கூடாது என்று உத்தரவு. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

குப்பைத் தொட்டிகள் வந்தன. காவலர் கையை நீட்டினார், சைக்கிள் ஆடியது, கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டி, வெளியே வந்து, உள்ளே போனார். ஒன்று. கம்பி மூடி வந்தது. அவர் நிறுத்தி, காலை ஊன்றி, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பூட்ஸ் நுனியைக் கம்பி இடைவெளியில் விட்டுப் பார்த்தார், அது உள்ளே இறங்கியது. திரும்பிப் பல்லக்காவைப் பார்த்தார். பல்லக்கா வானத்தைப் பார்த்தார். இரண்டு.

மர வேரில் மட்டும் அவருக்கு வீம்பு வந்துவிட்டது. இதில் கூடவா விலகவேண்டும் என்று நேராக ஏற்றினார். சைக்கிள் குதித்தது, அவர் குதித்தார், பெட்டிக்குள் ஏதோ உருண்ட சத்தம் பல்லக்காவுக்குக் கேட்டது. யாருக்கும் சேராத பல்தான் என்றாலும் பல்லக்கா தன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். காவலர் இறங்கிப் பெட்டியைத் திறந்தார். மெழுகில் பதின்மூன்று பல் இருந்தது. அவர் சைக்கிளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், மறுபடி ஏறி, இந்த முறை கை காட்டி வெளியே சுற்றி வந்தார். மூன்று.

வேன் நின்றது, ஏணி நின்றது. பஸ் சரியாக ஒன்பது இருபதுக்கு வந்து, போட்ட கோட்டில் நின்றது. காவலர் சுற்றி முன்னால் போனார். பின்னால் வந்த பல்லக்கா முன்னால் வந்ததும் மூன்று தரம் மணி அடித்தார். பஸ்ஸின் பெரிய ஹாரன், மிகச் சின்னதாக ஒரு தரம், பதில் சொன்னது. பயணிகள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பல்லக்காவுக்கு அந்தக் காலையே போதும் போல இருந்தது. விளக்குக் கம்பத்தில் காவலர் மூச்சு வாங்கியபடியே சிரித்துவிட்டார். ஏழு.

இத்தோடு முடிந்திருக்கவேண்டும். பள்ளிக்கூடச் சுவர் திரும்பியதும் பாதைக்குள் ஒரு ஜீப் நின்றிருந்தது. பச்சைச் சாயத்தின் மேல் நாலு சக்கரமும் கச்சிதமாக. போக்குவரத்துக் காவல்துறை என்று பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே இன்ஸ்பெக்டர் இருந்தார். பரீட்சை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர், பார்க்க வசதியான இடத்தில் நிறுத்திவிட்டிருந்தார்.

காவலரின் சைக்கிள் மெதுவானது. நடைபாதையில் ஏறலாமா என்று பார்த்தார், தெரிந்தது, அது நடக்கிறவர்களுக்கானது. நின்றுவிடலாமா என்று பார்த்தார், நின்றால் பரீட்சை அங்கேயே முடிந்துவிடும். கடைசியில் கையை நீட்டினார். அந்தக் காலையில் அவர் காட்டிய சைகைகளிலேயே ஆடாமல் நின்றது அதுதான். வெளியே வந்து, ஜீப்பைச் சுற்றி, உள்ளே நுழைந்தார்.

இன்ஸ்பெக்டர் இறங்கி அவரைக் கூப்பிட்டார். இருவரும் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய்ப் பேசினார்கள். பல்லக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டரின் கை ஆடுவதும் காவலரின் தலை ஆடுவதும் மட்டும் தெரிந்தது. அது எந்தப் பக்கமாக ஆடியது என்று எவ்வளவு உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. திரும்பி வந்த காவலர் பெட்டியை ஒப்படைத்தார். "வரேங்க அக்கா" என்று மட்டும் சொல்லி, ஊதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அந்த நாலு நாள் பல்லக்காவுக்கு நாலு வருடம். மேலதிகாரியே வந்து பேசியபிறகு எந்த மனிதர் வாயைத் திறப்பார்? பெரிதாக எதுவும் இல்லை, ஓரிரு இடம்தான், ஜாக்கிரதையாகப் போனால் போகலாம் என்று அவர் ஒரே வாக்கியம் சொன்னால் போதும். ஏழு என்று தானே சொல்லிக் கொடுத்தது தன் தலையில்தான் வந்து விடியும். பின்னால் போய்ப் பார்த்தேன் என்று சொன்னால் குற்றம் சாட்டப்பட்டவள் பேச்சை யார் கேட்பார்கள்? புதன்கிழமை நீதிமன்றத்துக்குக் கிளம்பும் முன் பாலிஷ் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். யாரோ நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த நல்ல மனதை நினைத்து அவருக்கு அழுகை வந்தது.

அறையில் அன்று உட்கார இடமில்லை. பணிமனையிலிருந்து ஒரு பட்டாளமே வந்திருந்தது. முதலாளி வந்திருந்தார். மருந்துக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், அவர் தலையைத் தூக்கிப் பார்த்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். ஓரத்தில் இன்ஸ்பெக்டர், தொப்பியை மடியில் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி அம்மாள் காவலரை எழுப்பி, எத்தனை இடம் என்று கேட்டார். காவலரின் சட்டை அன்றும் கலையாமல்தான் இருந்தது.

"எட்டுங்கம்மா" என்றார்.

அறை சலசலத்தது. வழக்கறிஞர் எழுந்து, அந்த அம்மாளே ஏழு என்றுதானே சொன்னார், எட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். காவலர் ஏழு இடத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூடியின் கம்பி இடைவெளியை அளந்து வந்திருந்தார். மர வேரில் ஒரு பல் விழுந்ததையும், அது தன் வீம்பால் விழுந்தது என்பதையும் சொன்னார். அதற்குப் பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பல்லக்கா தன் கணவரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எட்டாவது, பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டி. பாதைக்குள்ள ஒரு ஜீப் நின்னுச்சு. எங்க ஜீப்புங்கம்மா."

நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். சைக்கிள் பாதையில் வண்டி நிறுத்தினால் அதற்கும் சீட்டு உண்டே, அதை நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"எழுதிட்டேங்கம்மா. நான் பாத்ததைத்தான் எழுத முடியும்னு ஐயாகிட்ட சொன்னேன். ஐயா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாங்க."

இன்ஸ்பெக்டரின் காது சிவந்தது. ஆனால் அவர் எழுந்து நின்று, ஆமாம், வாங்கிக்கொண்டேன், எழுதினது சரிதான் என்றார். முதலில் கைதட்டியது பணிமனைப் பட்டாளம். நீதிபதி அம்மாள் மேசையைத் தட்டினார், ஆனால் முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் தாராளமாக இடைவெளி விட்டார்.

சீட்டு ரத்து. பழைய இரண்டு சீட்டும் இதே பாதையில்தான் என்பதால் அவையும் மறுபடி பார்க்கப்படும், அதுவரை அட்டையைத் தொடக்கூடாது. எட்டு இடங்களின் பட்டியல் நகராட்சிக்குப் போகும். கம்பி மூடி ஒரு வாரத்தில் திருப்பி வைக்கப்படவேண்டும், பஸ் நிறுத்தக் கோடு மாற்றப்படவேண்டும். விளக்குக் கம்பத்தைப் பற்றி எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பல்லக்கா எழுந்து நின்றார். நன்றி சொல்லத்தான் எழுந்தார், கண்ணீர் முந்திக்கொண்டது. சிரிப்பும் கூடவே வந்ததால் எதைத் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் கிளம்பலாங்களாம்மா? கீழ சைக்கிள்ல பல்லு இருக்கு. நாலு பேரு வாயைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

"போங்க" என்றார் நீதிபதி அம்மாள். "பாதையிலயே போங்க. போக முடியாத இடத்துல கை காட்டிட்டு வெளிய போங்க. யாரும் கேக்கமாட்டாங்க."